ஆலோசனை அறையில் சொன்னது எங்கே போகும்? தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மூன்று ஆலோசகர்களும் ஒரு வரவேற்பாளரும் கொண்டு இயங்கும் சிறிய உளவள ஆலோசனை மையம் எங்களுடையது. முதன்முறையாகத் தொலைபேசியில் அழைப்பவர்களில் பலர் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "இது வெளியே தெரிஞ்சிடாதே?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு தெருவில் நடப்பது அடுத்த தெருவுக்கு மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும் ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு "தெரியாது, கவலைப்படாதீர்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் போதாது என்பதால், நாங்கள் என்ன செய்கிறோம், எதைச் செய்ய இயலாது என்பதை இங்கே விரிவாக எழுதியிருக்கிறோம்.

நான் சொல்வது வேறு யாருக்காவது தெரியவருமா?

தெரியவராது என்பதே விதி. நீங்கள் பேசிய விஷயம் மட்டுமல்ல, நீங்கள் எங்களிடம் வருகிறீர்கள் என்ற செய்தியே ரகசியம்தான். இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், நீதிமன்ற ஆணை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஒவ்வொன்றையும் கீழே தனித்தனியாக விளக்கியுள்ளோம். இந்த விலக்குகளை ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுக் கையொப்பம் வாங்குவது எங்கள் வழக்கமல்ல. முதல் அமர்வின் முதல் பத்து நிமிடங்களில், நீங்கள் எதையும் மனம்திறந்து பேசத் தொடங்கும் முன்பே, ஆலோசகர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். ஒருவர் தம் மனதைக் கொட்டிய பிறகு, "இதை நான் வெளியே சொல்லியாக வேண்டும்" என்று கூறுவதை நம்பிக்கைத் துரோகமாகவே நாங்கள் கருதுகிறோம்.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு, ஆனால் அது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், மனநோய் உள்ளவருக்குத் தம் உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அடுத்த பிரிவு, அவருடைய ஒப்புதலின்றிப் படத்தையோ தகவலையோ ஊடகங்களுக்குத் தருவதைத் தடைசெய்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் பேசுவது மனநோய் உள்ளவர்களைப் பற்றி. எங்களிடம் வருவோரில் பலருக்கு நோய் எதுவும் இல்லை. தேர்வு பயம், கணவன் மனைவி பிணக்கு, தந்தையை இழந்த துயரம், வேலை போன கவலை என்று வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்துமா என்று வாதிட்டுக்கொண்டிருப்பதை விட, எல்லோருக்கும் அதே அளவுகோலைக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டோம்.

வீட்டுக்குத் தெரியாமல் வருகிறேன். என்னை எப்படித் தொடர்புகொள்வீர்கள்?

மையம் தொடங்கிய முதல் ஆண்டில் நாங்கள் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மறுநாள் அமர்வை நினைவுபடுத்தும்படி ஒரு பெண்மணி கேட்டிருந்தார். எங்கள் வரவேற்பாளர் அழைத்தபோது அவருடைய நாத்தனார் எடுத்தார். "யாருங்க பேசுறது?" என்ற கேள்விக்கு, சூதுவாது இல்லாமல், மையத்தின் பெயரைச் சொல்லிவிட்டார் வரவேற்பாளர். அந்தப் பெண்மணி அதன் பிறகு வரவே இல்லை. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கக்கூட எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று. மறுபடி அழைத்தால் அது இரண்டாவது தவறாகியிருக்கும்.

அன்றிலிருந்து முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்கிறோம். எந்த எண்ணில் அழைக்கலாம், எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பவை அவை. அழைக்கவே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அழைக்க மாட்டோம். அமர்வுக்கு வராமல் போனாலும் நீங்களாகப் பேசும்வரை காத்திருப்போம்.

பின்னாளில் இன்னொன்றையும் கவனித்தோம். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் போன்ற செயலிகளில் எங்கள் வரவேற்பறை எண் மையத்தின் பெயரோடு தெரிந்தது. அதனால், வருவோரை அழைப்பதற்கென்று எங்கும் அச்சிடாத வேறொரு எண்ணை வைத்திருக்கிறோம். யாராவது ஒருவர் அதைத் தம் கைபேசியில் "கவுன்சலிங்" என்று சேமித்தாலும் அந்தப் பெயர் செயலி வழியாக மற்றவர்களுக்குத் தெரியக்கூடும் என்பதால், அவ்வப்போது அந்த எண்ணையும் தேடிப் பார்க்கிறோம். கட்டணமும் அப்படித்தான். ஜிபே, போன்பே வழியாகச் செலுத்தினால் பணம் பெறுபவரின் பெயர் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் நின்றுவிடும். கூட்டுக் கணக்காக இருந்தால் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அது உங்களுக்குச் சிக்கல் என்றால் ரொக்கமாகத் தரலாம். கைபேசியில் உங்கள் இருப்பிடத்தை யாருடனாவது தொடர்ந்து பகிர்ந்துகொண்டிருக்கிறீர்களா என்பதையும் வருவதற்கு முன்பு ஒருமுறை பாருங்கள். திருமணமான புதிதில் இயக்கி வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் பலர்.

காத்திருப்பு அறையில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

இதை முழுவதும் தடுக்க முடியாது. முடிந்த அளவு குறைக்கிறோம். இரண்டு அமர்வுகளுக்கு இடையே இருபது நிமிட இடைவெளி விடுகிறோம். வரவேற்பறையில் பெயர் எழுதும் பதிவேடு கிடையாது. யாரையும் பெயர் சொல்லி உரக்க அழைப்பதில்லை; ஆலோசகரே வெளியே வந்து உங்களை அழைத்துச் செல்வார். அறைக் கதவுக்கு வெளியே ஒரு மேசை மின்விசிறி ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்ப்பீர்கள். காற்றுக்காக மட்டுமல்ல, உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருப்பதற்காகவும்தான் அதை வைத்திருக்கிறோம். கண்காணிப்புக் கேமரா கட்டட நுழைவாயிலில் மட்டும் இருக்கிறது, அது கட்டட உரிமையாளருடையது. ஆலோசனை அறைகளுக்குள் கேமராவும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை.

சம்பந்தம் பேசும் வீட்டார் உங்களிடம் வந்து விசாரித்தால்?

விசாரிக்கிறார்கள். "பொண்ணு உங்ககிட்ட வந்துச்சாமே, என்ன பிரச்சினைன்னு மட்டும் சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டவர்கள் உண்டு. எங்கள் வரவேற்பாளருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் பதில் ஒன்றே ஒன்று: "யார் வர்றாங்க, யார் வரலைன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லைங்க." நீங்கள் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை என்றாலும் அதே பதில்தான். வராதவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அப்படி யாரும் வரவில்லை" என்று சொல்லிப் பழகிவிட்டால், வந்தவரைப் பற்றிக் கேட்கும்போது எங்கள் மௌனமே பதிலாகிவிடும். கேட்பவர் உறவினரானாலும், வேலை தரும் நிறுவனமானாலும், மருத்துவரே ஆனாலும், உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் இந்தப் பதில் மாறாது.

என்னைப் பற்றி என்ன எழுதி வைக்கிறீர்கள்?

எவ்வளவு குறைவாக எழுத முடியுமோ அவ்வளவுதான். எழுதாத தகவல் களவு போகாது, தொலையாது, நீதிமன்றத்துக்கும் போகாது. ஆதார் நகல் வாங்குவதில்லை. உண்மைப் பெயரைச் சொல்லத் தயங்கும் வயதுவந்தவர், தம்மை எப்படி அழைக்க வேண்டும் என்று விரும்புகிறாரோ அந்தப் பெயரில் வரலாம். ஆனால் அவசர காலத்தில் அழைக்க ஒருவருடைய எண்ணை மட்டும் கட்டாயம் கேட்போம்.

அமர்வுக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். மாமியாரோடு நடந்த சண்டையை நீங்கள் ஒரு மணி நேரம் விவரித்திருப்பீர்கள். குறிப்பில், "குடும்பத்தில் முரண் தொடர்கிறது. உறக்கம் நான்கு மணி நேரம். தற்கொலை எண்ணம் இல்லை என்றார். மூச்சுப் பயிற்சி தொடர வேண்டும்" என்று நான்கு வரிகள் இருக்கும். யார் யாரைத் திட்டினார், யாருக்கு யாரோடு தொடர்பு என்பவை எழுதப்படுவதில்லை. கோப்பின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பெயர் வேறொரு நோட்டில், வேறொரு பீரோவில் இருக்கிறது; இரண்டு பீரோக்களின் சாவிகளும் ஒரே கொத்தில் இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் தகவலுக்கும், தாளிலிருந்து கணினிக்கு ஏற்றப்பட்ட தகவலுக்கும்தான் பொருந்தும். தாளிலேயே இருக்கும் குறிப்பு அதன் வரம்புக்குள் வராது. அதனால் தாள் பாதுகாப்பானது என்றோ, தாள் விஷயத்தில் அசட்டையாக இருக்கலாம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழித்துக் குப்பையில் போட்ட காகிதம் பஜ்ஜி மடிக்கும் தாளாகத் திரும்பி வரக்கூடிய நாட்டில் வாழ்கிறோம். எங்களுடைய பழைய தாள்கள் துண்டாக்கும் இயந்திரத்தில் பொடியான பிறகுதான் வெளியே போகும்.

கணினியில் உள்ளவை களவு போனால்?

மனநலக் குறிப்புகள் களவு போனால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தில் நடந்ததே சாட்சி. வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் தரவுத்தளம் போதிய காவலின்றி இணையத்துக்குத் திறந்து கிடந்தது. 30,000க்கும் மேற்பட்டோரின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. நிறுவனம் பணம் தராததால், திருடியவர் சிகிச்சை பெற்றவர்களுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினார். 200 யூரோ தராவிட்டால் உன் அந்தரங்கத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினார். அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலானது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மாவட்ட நீதிமன்றம் ஒருவருக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் வெளியே போன குறிப்புகளை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப உள்ளே வைக்க முடியாது.

அந்த நிகழ்வைப் படித்த பிறகு, அமர்வுக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் யோசனையையே கைவிட்டோம். கணினியில் இருப்பது முன்பதிவு நேரம், கோப்பு எண், கட்டணக் கணக்கு ஆகியவை மட்டுமே. அவையும் களவு போனால், தெரிந்தவுடன் உங்களிடம் சொல்லிவிடுவோம். 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவுக் கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிவிப்பதையும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தருவதையும் அவை கடமையாக்குகின்றன. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நாங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. அதே சட்டத்தின்படி, தகவல் சேகரிப்பது குறித்த அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் நீங்கள் விரும்பும் மொழியில் கேட்கலாம். தமிழில் கேட்பது உங்கள் உரிமை. எங்களிடம் மட்டுமல்ல, எந்த மையத்திலும் கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் வருகிறது என்று சொன்னால் வீட்டுக்கோ போலீசுக்கோ சொல்லிவிடுவீர்களா?

இந்தப் பயத்தாலேயே பலர் மிக முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள். எண்ணம் வருகிறது என்று சொல்வது குற்றமல்ல. அதைச் சொன்னதற்காக நாங்கள் யாரையும் அழைப்பதில்லை, உங்களோடு உட்கார்ந்து பேசுகிறோம். முயற்சி செய்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

ஆனால் உடனடி ஆபத்து இருக்கிறது, அதாவது வழியும் நேரமும் தீர்மானித்துவிட்டீர்கள், அடுத்த சில மணி நேரங்களுக்குப் பாதுகாப்பாக இருப்பதாக உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், ரகசியத்தை விட உயிர் பெரிது. அப்போது யாரை அழைக்கலாம் என்று முதலில் உங்களிடமே கேட்போம். நாங்கள் அழைக்கும் நபரிடமும் "அவரைத் தனியே விடாதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற அளவுக்குத்தான் சொல்வோம். காரணம் என்ன, காதலா கடனா என்பதெல்லாம் எங்களோடு நின்றுவிடும். ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தகவல் தரக் கூடாது என்பது சட்டமும் சொல்வதுதான். எங்கள் மையம் மூடியிருக்கும் நேரத்தில் அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். அது இலவசம், நாள் முழுதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

நீங்கள் வேறொருவருக்குத் தீங்கு செய்யப் போவதாக உறுதியாகத் தெரிந்தாலும் இதே முறைதான். கோபத்தில் "அவனை வெட்டிடணும் போல இருக்கு" என்று சொல்வதற்கும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்குத் தெரியும்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால்?

இதில் எங்களுக்கு விருப்பத் தேர்வு இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும், நடக்கப்போகிறது என்று அஞ்சும் எவரும், காவல்துறையிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆலோசகர் என்பதால் விலக்கில்லை.

இதன் மிகக் கடினமான முகம் பதின்பருவக் காதல்தான். பதினேழு வயதுப் பெண் தன் விருப்பத்தோடு நடந்த உறவைப் பற்றிச் சொன்னாலும், அந்த விருப்பத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. உதவி தேடி வந்த பிள்ளை, சொன்ன காரணத்தாலேயே காவல் நிலையத்துக்குப் போக நேரும் நிலை எங்களுக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. அதனால்தான் வளரிளம் பருவத்தினர் வாய் திறப்பதற்கு முன்பே, "இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாதும்மா" என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

மகளை அழைத்து வருகிறேன். அவள் என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்வீர்களா?

18 வயதுக்குட்பட்டவருக்கு ஆலோசனையைத் தொடங்க உங்கள் ஒப்புதல் வேண்டும். ஆனால், "போன்ல யார்கூட பேசுறான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்ற கோரிக்கையை ஏற்க முடியாது. வருகிறாளா, பொதுவாக முன்னேற்றம் இருக்கிறதா, வீட்டில் நீங்கள் என்ன மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றைச் சொல்வோம். அதைச் சொல்லும்போது மகளும் கூடவே இருப்பாள். அவளுக்குத் தெரியாமல் உங்களோடு தனியே பேச மாட்டோம். ஒருமுறை நாங்கள் ஒற்றர் ஆகிவிட்டால், அந்தப் பிள்ளை எங்களிடம் மட்டுமல்ல, பிறகு எந்த ஆலோசகரிடமும் வாய் திறக்காது.

கணவன், மனைவி இருவரும் வந்தால், ஒருவர் தனியே சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா?

சொல்ல மாட்டோம். ஆனால் ஆலோசனையையே பொய்யாக்கும் ரகசியத்தைச் சுமந்துகொண்டு இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசவும் மாட்டோம். வேறொரு உறவு தொடர்கிறது என்று ஒருவர் தனியே சொன்னால், அதை அவரே தம் துணையிடம் சொல்வதற்குச் சில வாரங்கள் துணைநிற்போம். இயலாது என்றால் காரணம் கூறாமல் இருவருக்குமான அமர்வை நிறுத்திவிடுவோம்.

விவாகரத்து வழக்கில் உங்களை நீதிமன்றத்துக்கு அழைத்தால்?

வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசிக்கொள்வதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆலோசகருக்கு இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமும் இந்த நிலையை மாற்றவில்லை. ஆகவே, "எதுவானாலும் கோர்ட்டுக்குப் போகாது" என்று வாக்குறுதி தருகிற ஆலோசகரை நம்பாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினாலோ தொலைபேசியில் மிரட்டினாலோ நாங்கள் எதுவும் தருவதில்லை. நீதிமன்றமே ஆணையிட்டால் முதலில் உங்களுக்குத் தெரிவிப்போம், ஆட்சேபிக்க இடமிருந்தால் ஆட்சேபிப்போம், அதன் பிறகும் தர வேண்டியிருந்தால் கேட்ட அளவுக்கு மட்டும் மூடிய உறையில் தருவோம். நான்கு வரிக் குறிப்பின் பயன் அன்றைக்குத்தான் தெரியும்.

அலுவலகம்தான் என் கட்டணத்தைச் செலுத்துகிறது. அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்த மாதத்தில் எத்தனை அமர்வுகள் நடந்தன என்ற எண்ணிக்கை மட்டும். பெயரோடு பட்டியல் கேட்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை.

வாட்ஸ்அப்பில் பேசலாமா? வீடியோ அமர்வு பாதுகாப்பானதா?

நேரம் மாற்றுவதற்கு வாட்ஸ்அப் போதும். மனக்குறையை அதில் எழுத வேண்டாம். செய்தி போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் ஆபத்து வழியில் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது. பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரி தெரிகிறது, வீட்டுக் கணினியில் இணைத்த வாட்ஸ்அப் திறந்தே கிடக்கிறது, உங்கள் கைவிரலைத் தூக்கத்தில் வைத்துத் திறக்கக்கூடியவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். வீடியோ அமர்வை இரு தரப்பும் பதிவு செய்யக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அப்போது எங்கள் கேள்விகளாவது வெளியே கேட்காது. வீட்டில் தனியறை இல்லாதவர்கள் மொட்டை மாடியிலிருந்தும், நிறுத்திய காரிலிருந்தும் பேசுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டதும் நாங்கள் அமைதியாகிவிடுவோம்.

என் கதையை மற்ற ஆலோசகர்களிடம் பேசுவீர்களா?

மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மாதமொருமுறை எங்கள் பணியைப் பரிசீலனைக்கு உட்படுத்துகிறோம். தவறு செய்யாமல் இருக்க அது அவசியம். அங்கே பெயர், ஊர், தொழில், சாதி எதுவும் சொல்லப்படாது. மூத்த ஆலோசகருக்கு நீங்கள் தெரிந்தவராக இருக்கக்கூடும் என்று தோன்றினால் உங்கள் விஷயத்தை அங்கே எடுக்கவே மாட்டோம்.

கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் நாங்களாக முதலில் வணக்கம் சொல்ல மாட்டோம், அதைத் தவறாக எண்ண வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் "இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லவா?

என் கோப்பை நான் பார்க்கலாமா? அதை அழிக்கச் சொல்லலாமா?

பார்க்கலாம். நகலும் வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கே கடும் மனத்தீங்கு தரும் என்றோ மற்றவருக்கு ஆபத்து என்றோ கருதும் பகுதியை மட்டும் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது; எங்கள் குறிப்புகளின் அளவுக்கு அந்தத் தேவை அரிது. கடைசி அமர்விலிருந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை வைத்திருக்கிறோம், சிறுவர்களுடையதை அவர்களின் 21 வயது வரை. அதற்கு முன்பே அழிக்கச் சொன்னால், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாத நிலையில், அழித்துவிடுகிறோம். விரும்பினால் துண்டாக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நீங்கள் நின்று பார்க்கலாம். சிலர் அப்படி நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் ஆலோசகருக்கே ஏதாவது நேர்ந்துவிட்டால்?

ஒவ்வோர் ஆலோசகரும் தமக்குப் பின் தம் கோப்புகளுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று எழுதிக் கையொப்பமிட்டு, மூடிய உறையில் வைத்திருக்கிறார். பொறுப்பேற்பவரும் ஓர் ஆலோசகராகவே இருப்பார். குடும்பத்தினரின் கைக்குச் சாவி போகாது. அவர் உங்களை நீங்கள் தந்த எண்ணில், நீங்கள் சொன்ன நேரத்தில் மட்டும் அழைத்து, தொடர்வதா, கோப்பை வேறு ஆலோசகருக்கு அனுப்புவதா, அழித்துவிடுவதா என்று கேட்பார்.